ஏலத்தில் போன தையல் மெஷின்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டிலிருந்து சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பவளிடம் "சௌக்கியமா?" என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. கெட்டுவிட்டதா இல்லையா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல்.

உங்கள் ஊரில் வெள்ளம் என்றதும், எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று "யாராவது ஏதாவது செய்யணும்!" என்று முழங்கினேன். மற்ற எல்லோரும் உட்கார்ந்திருந்ததால், நின்றவனே நிவாரண நிதிக்குப் பொறுப்பாளன் ஆகிவிட்டேன். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மூன்றாம் மாடி வாத்தியார் கதவைப் பாதி திறந்து, "லிஃப்டுக்குன்னு வசூல் பண்ணீங்களே, அது என்னாச்சு?" என்றார். அந்த லிஃப்ட் ஓடாமல் படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான், அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டேன். சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள், போட்டி என்றால் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஏலம் அறிவித்தேன். வீட்டுக்கு ஒரு பொருள், விற்ற பணம் முழுக்க உங்கள் ஊருக்கு.

வந்த பொருள்களை நீ பார்த்திருக்கணும்! ஓடாத சுவர்க்கடிகாரங்கள், மூடி இல்லாத குக்கர், தொட்டால் ஷாக் அடிக்கும் இஸ்திரிப்பெட்டி. கார் நிறுத்துமிடத்தில் மேஜைமேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் விலை கேட்கவில்லை. மானம் போகிறதே என்ற வேகத்தில் மாடிக்கு ஓடி, நீ பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போன, கையால் சுற்றும் தையல் மெஷினைத் தூக்கி வந்துவிட்டேன். எனக்குப் பல் செட் கட்டப்போகிற கீழ்வீட்டு டாக்டர் உடனே விலை கேட்டார். பம்ப் ரிப்பேருக்கு வந்திருந்த பிளம்பர் பின்னாலிருந்து ஏற்றிக் கேட்டார். எனக்கு வந்ததே உற்சாகம்! "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதைச் சொல்லாமல் இழுத்து இழுத்து விலையை ஏற்றினேன். "டாக்டர், ஒரு பிளம்பர்கிட்ட தோத்துப் போறீங்களே!" என்று உசுப்பேற்றினேன். கடைசியில் பிளம்பருக்கே விழுந்தது. ஒரே கைதட்டல். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள்தான் நீ போன் செய்தாய். "அண்ணே, இங்க இருந்த மெஷின் தண்ணில போயிடுச்சு. அந்தப் பழைய கைமெஷின் இருக்குல்ல? இங்க கரண்டும் இல்ல, அதுல தைச்சாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்."

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

வெள்ளத்தில் தவிப்பவளின் பிழைப்பை விற்று வெள்ள நிவாரணம் திரட்டிய ஒரே அறிவாளி உன் அண்ணன்தான். போனில் உண்மையைச் சொல்லப் பயந்து பொய் சொல்லிவிட்டேன். மெஷினை மீட்கலாம் என்றால், அந்தப் பிளம்பர் என் தலையைக் கண்டாலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிகிறார். வெட்கமாக இருக்கிறதம்மா. மன்னித்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டுச் சுவர்கள் சீக்கிரம் காயட்டும், குழந்தைகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். அன்று நான் மெஷினோடு ஓடியதைப் படியில் நின்று பார்த்தாளாம். "நாலு பேர் முன்னாடி உங்களை அவமானப்படுத்த வேணாம்னு பிளம்பரை அனுப்பினேன். எவ்வளவு ஆனாலும் விடாதீங்கன்னு சொன்னேன். நீங்கதான் ஏத்திக்கிட்டே போனீங்க!" ஏலத்துக்கு அவள் பிளம்பரிடம் கொடுத்தது, என் பல் செட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம். நேற்றே மெஷின் நிவாரண லாரியில் ஏறிவிட்டது; இந்தக் கடிதத்துக்கு முன்பே உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். முதல் வேலையாக எனக்குப் பெரிய கைக்குட்டையாக ஒன்று தைத்து அனுப்பு. டாக்டர் எதிரில் வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.