மண்டபம் விழுங்கிய வரவேற்புரை

மதுரை,
29.10.2001

சிரஞ்சீவி மருமகன் உமேஷுக்கு மாமா துளசிராம் எழுதுவது. நானும் உன் அத்தை பத்மாசினியும் நலம். உன் நலமும், உன் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தின் நலமும், குறிப்பாக அதன் தபால் பிரிவின் நலமும் அறிய ஆவல்.

மூன்று கேசட்டும் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தாய், அதற்கப்புறம் மூச்சுப்பேச்சில்லை. என் மகள் காவ்யஸ்ரீ கல்யாணத்தில் நான் ஆற்றிய வரவேற்புரை, இந்த ஜில்லா கண்ட உரைகளிலேயே தலையாயது. ஆனால் அந்த மண்டபம் இருக்கிறதே, முகூர்த்தத்தில் ஒருவன் தும்மினால் பந்தி முடியும் வரை அதுவும் தும்மும். என் ஒவ்வொரு சொல்லும் நாலு சுவரிலும் மோதி, அழகர்கோவில் போய்த் தீர்த்தமாடித் திரும்பி, அடுத்த சொல்லின் தலையில் விழுந்தது. சம்பந்தி வெங்கடேஷ்பாபு, "எங்க ஆளுக ஒருத்தர் பேரைக்கூட நீங்க சொல்லலை" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். "பதினேழு பேரைச் சொன்னேன் சம்பந்தி!" என்றேன். "எங்க காதுக்கு வோ... வோன்னுதான் வந்துச்சு. சொன்னதை நிரூபிங்க, பொண்ணு மாப்பிள்ளையைத் தலைதீபாவளிக்கு அனுப்புறேன்" என்கிறார். காவ்யஸ்ரீ போனில் அழுகிறாள். தீபாவளிக்குப் பதினாறே நாள்.

மேடை, நடுக்கூடம், பந்தி வாசல் என மூன்று இடத்தில் பதிந்திருப்பதால் பேச்சு என்னவென்றும் தெரிய வேண்டாம், மண்டபத்தைப் பார்க்கவும் வேண்டாம், மூன்றிலும் பொதுவாக இருப்பது மாமா, மாறுபடுவது மண்டபம், மண்டபத்தைக் கணக்கிட்டுக் கழித்தால் மாமா மட்டும் மிஞ்சுவார் என்று எழுதியிருந்தாயே. அத்தை படித்துவிட்டு, "உங்களைக் கழிச்சுட்டு மண்டபத்தை அனுப்பச் சொல்லுங்க, அதாவது உபயோகப்படும்" என்கிறாள். பொறாமை. உன்னை நம்பி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் அறுபது பேரை அழைத்துவிட்டேன். மைக் செட் கருத்தக்கண்ணனிடம் நாலு குழாய்க்குச் சொல்லியாயிற்று. உசிலம்பட்டி மாடுகள் திரும்பிப் பார்க்கும். ஒரு எழுத்து விடாமல் துலக்கி அனுப்பு.

எதிரொலி இல்லாத வீடும் எதிர்த்துப் பேசாத மனைவியும் அமைய ஆசீர்வதிக்கும்,
மாமா துளசிராம்

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் குறுந்தகடு வந்தது. கேட்டோம். நீ மேதை. என் ஏப்பம்கூடத் தெளிவு. அந்தப் பதினேழு பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. எட்டாவது நிமிடம், "முன்வரிசையில யாருய்யா அம்புட்டுப் பேரும் கூட்டமா? எந்திரிங்க, சம்பந்தி வீட்டாளுக உக்கார்ற எடம்!" என்கிறேன். அப்போது முன்வரிசையில் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டவர் சம்பந்திதான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. கழித்த மண்டபத்தைக் கொட்டிவிடவில்லையே, மாப்ள? ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப ஏற்றி அனுப்பு. கொஞ்சம் தாராளமாகவே.