பெட்டியர் கேட்ட ஐந்து நிமிடம்

டென்மார்க்கில் வாழும் தமிழர்களை அதிகம் திடுக்கிட வைத்தது எது என்று ஒரு போட்டி வைத்தால், பனிப்புயலுக்கு மூன்றாம் இடம். வரிக் கடிதத்துக்கு இரண்டாம் இடம். முதலிடம் எங்கள் ஹேர்னிங் ஊர்ப் பெட்டியருக்குத்தான், அதில் பேச்சே இல்லை. அவருடைய சொந்தப் பெயர் கொம்யூன் என்ற நகராட்சிக் கந்தோருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவியும் அதைக் கோபம் வந்தால்தான் வெளியே எடுப்பார்.

ஐம்பத்தைந்து வயது வரை அவர் சாதுவான மனிதர். கதிரை மேசை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் வேலை. அங்கே பெரு நாட்டுக்காரர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். ஆபிரிக்க வழி வந்தவர். மதிய இடைவேளையில் மற்றவர்கள் ரொட்டியைப் பிரிக்க, இவர் ஒரு வெற்று மரப்பெட்டியைக் கவிழ்த்து, ஏறி இருந்து, முழங்கால்களுக்கு நடுவே இரண்டு கைகளாலும் அடிக்கத் தொடங்கினாராம். நம்மவர் கொண்டுபோன புட்டு அப்படியே ஆறிப்போனது. அன்று மாலை அவருடைய காரின் முன் இருக்கையில், இருக்கைப் பட்டியெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி வீட்டுக்கு வந்தது.

“இதென்னப்பா?” என்று கேட்டார் மனைவி.

“மேளம்.”

“மேளத்துக்குத் தோல் எங்க?”

“அது என்ர கையில இருந்துதான் உரியும்.”

அந்த இசைக்குப் பெயர் ஃபெஸ்டெஹோ. கொண்டாட்டப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சரித்திரத்தை அவர் பஸ் தரிப்பில் சொல்வார், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்வார். ஒரு செத்த வீட்டில் என்னைப் பிடித்துச் சொன்னபோது நான் பதறியே போனேன்.

“கறுப்புச் சனத்தை அடிமையாக் கொண்டுபோய்ப் பெருவில கரும்புத் தோட்டத்தில விட்டவங்கள் தங்கச்சி. மேளம் அடிக்க விடேல்லையாம். சனம் என்ன செய்தது? சாமான் வந்த பெட்டியைக் கவிட்டுப் போட்டு அதில இருந்து அடிச்சுது! முதலாளி பார்த்தா அது கதிரை. அவன் அங்கால திரும்பினா மேளம்!”

“அவ்வளவு கஷ்டத்தில என்னண்ணை கொண்டாட்டப் பாட்டு?” என்று கேட்டேன்.

“அழுகிறதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை. கொண்டாடத்தான் அனுமதி வேணும். அதை அவை கேக்காமலே எடுத்திட்டினம்.”

ஆனால் அவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம். வேறொன்றும் அவர் இந்த உலகத்தில் யாரிடமும் கேட்டதில்லை. மார்கழி பிறந்தால் தொலைபேசி அடிக்கும். “தங்கச்சி, இந்த முறை ஒரு அஞ்சு நிமிசம்...” செயலாளர் நான். ஏழு வருடமாக நேரமில்லை என்று சொன்னதும் நான்தான். தலைவர் என்னைவிடக் கறார். “இது எங்கட கலை இல்லை” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பெட்டியர் “ஓம், விளங்குது” என்று வைத்துவிடுவார். ஒருமுறையாவது சண்டை பிடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி ஒரு சமையல் கிடாரத்தின் கதைக்கு வருகிறேன். இப்போதும் நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் சங்கச் சமையலறையில் இரண்டு பெரிய கிடாரங்கள் உண்டு. பச்சைப் பொட்டு வைத்தது சைவத்துக்கு, சிவப்புப் பொட்டு வைத்தது இறைச்சிக்கு. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு போகிறேன், அடுப்பில் பச்சைப் பொட்டுக் கிடாரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. யாரோ புண்ணியவான் முன்கூட்டியே வேலை தொடங்கிவிட்டார் என்று மகிழ்ந்து மூடியைத் திறந்தேன். முழுப் பல்லையும் காட்டிக்கொண்டு ஒரு தாடை என்னைப் பார்த்தது.

நான் போட்ட சத்தத்துக்குப் பெட்டியர் அகப்பையோடு ஓடிவந்தார்.

“பயப்பிடாதையுங்கோ தங்கச்சி, கழுதைதான். பெருவில பெட்டியோட இதையும் அடிப்பினம். அவிச்சுக் காயவிட்டா பல்லெல்லாம் கழண்டு ஆடும். பிறகு ஒரு குத்து விட்டா கடகடவெண்டு கேக்கும். ஸ்கீவ ஊர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒராள் தந்தவர்.”

“அண்ணை, இது சைவக் கிடாரம்!”

“தெரியும். நான் நல்லா யோசிச்சுத்தான் போட்டனான். கழுதை சீவியம் முழுக்கப் புல்லுத்தானே திண்டது?”

நான் உடனே தலைவரைக் கூப்பிட்டேன். தலைவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பெட்டியர் மறுவார்த்தை பேசாமல் அன்றே ஜெர்மனியில் இருக்கும் தமிழ்க் கடைக்குக் கார் ஓடி, புதுக் கிடாரம் ஒன்றை வாங்கி, மறுநாள் காலை குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, நாடகத்தில் நடிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஓர் ஓட்டை. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

“அஞ்சு நிமிசம் தாறன். ஆனா அந்த எலும்பு மேடைக்கு வரக்கூடாது.”

“சத்தியமா வராது தங்கச்சி!”

பொங்கல் அன்று எலும்பு வரவில்லை. நெருப்பு வந்தது. அதைத் தடைசெய்யவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெட்டியர் பெட்டியில் அமர்ந்து அடிக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து வந்தார் அவருடைய மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், சிரித்து நான் கண்டதில்லை. பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம், இடுப்புக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குக் காகித வால்! அவருக்குப் பின்னால் அந்தப் பெரு நாட்டுக்காரர், கையில் எரிகிற மெழுகுதிரி. அந்த ஊர் ஆட்டம் அதுதானாம். ஆண் வாலைக் கொளுத்தப் பார்ப்பான், பெண் இடுப்பை வெட்டி வெட்டித் தப்பவேண்டும். எங்களுக்கு இது யார் சொன்னது? இருநூறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். அந்த அம்மாவோ சிரித்துக்கொண்டே ஆடுகிறார்!

வால் நுனியில் நெருப்புப் பிடித்தது.

“ஐயோ, மனுசியைக் கொளுத்திறாங்கள்!” என்று தலைவர் மேடைக்குப் பாய்ந்தார். கைக்கு எட்டிய நிறைகுடத்தைத் தூக்கினார். தேங்காய் ஒரு பக்கம் உருள, மாவிலை பறக்க, தண்ணீர் முழுவதையும் அம்மாவின் மேல் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. ஆனால் புகை கூரைக்குப் போய்விட்டது. மண்டபத்து அபாயமணி அலறியது. பிள்ளைகள் டெனிஷ் மொழியில் கத்திக்கொண்டு ஓட, நாங்கள் எல்லோரும் கோட்டும் இல்லாமல், தை மாதக் குளிரில், கார்த் தரிப்பிடத்தில் போய் நின்றோம்.

நான் பெட்டியரைத் தேடிப் போனேன். ஏழு வருடத்துக்கும் சேர்த்துப் பேசுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். அவர் கோட்டையும் சப்பாத்தையும் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நனைந்த மனைவிக்குத் தன் மேற்சட்டையைப் போர்த்திவிட்டு, வெறும் காலோடு பனியில் நின்றார். என் முகத்தைப் பார்த்தவுடன் மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, நான் ரெண்டு நிமிசந்தான் அடிச்சனான். மிச்சம் மூண்டு இருக்கு. அடிக்கட்டோ?”

இப்படி ஒரு மனிதரையா நான் இத்தனை வருடம் இழுத்தடித்தேன் என்று வெட்கமாக இருந்தது. “அடியுங்கோ” என்றேன்.

அடித்தார். முதலில் குளிருக்காகத்தான் கால்களை மாற்றி மாற்றி வைத்தோம். பிறகு குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை. நனைந்த சேலையோடு அந்த அம்மா ஆட, பிள்ளைகள் ஆட, வெறும் குடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவரும் தோளைக் குலுக்கினார். தீயணைப்புக்காரர்கள் வந்து இறங்கி, எதை அணைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மூன்று நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. பெட்டியர் கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். நேரம் சரியோ என்று கண்ணால் கேட்டார்.

மணிக்கூடு கட்டிய கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

“இன்னும் கனநேரம் இருக்கண்ணை,” என்றேன். “நீங்கள் அடியுங்கோ.”