உயிர்ப்புக்குப் பிறகு கைது

அந்த ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் ஊரில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆண்டவர் கழுதை மேல் எருசலேமுக்குள் நுழைந்தார்.
2. உடனே உயிர்த்தெழுந்தார்.
3. அதன் பிறகு சீடர்களோடு கடைசி விருந்து சாப்பிட்டார்.
4. கைதானார், அடிபட்டார், சிலுவையில் இறந்தார்.
5. கல்லறையில் வைத்து மூடினார்கள். நாடகம் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். (எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. முதல் வகுப்பு.)

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கோயில் மைதானத்தில் ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவோம். ஆண்டவர் வேஷம் கட்டுபவர் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சவரத்தை நிறுத்துவார். மேடையில் உயிர்த்தெழுந்த பிறகுதான் முகத்தில் கத்தி படலாம். அது நேர்ச்சை, யாரும் மீறியதில்லை. அந்த வருஷம் ஆண்டவர் என் அண்ணன் சேவியர். ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்கு மணலூர்பேட்டைப் பெண்ணோடு கல்யாணம்.

நடுவில் கொரோனா ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்குச் சிலர் கூடலாம், நாடகத்துக்கு ஒருவரும் கூடாது. நாடகம் இல்லையென்றால் உயிர்ப்பு இல்லை. உயிர்ப்பு இல்லையென்றால் சவரம் இல்லை. பெண்ணின் அப்பா வீடியோ காலில் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது? பொண்ணு பாக்க வந்தப்போ மூஞ்சி இருந்துச்சே."

"ஈஸ்டருக்கு எடுத்துருவேன் மாமா."

"எடுத்துட்டு வாங்க. இல்லன்னா தள்ளி வச்சுக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அப்போதுதான் நான் என் படிப்பைப் பயன்படுத்த முடிவு செய்தேன். நடிகர்கள் வீட்டிலிருந்தே வசனத்தைப் பதிவு செய்து அனுப்பினார்கள். பத்துக் காட்சிகள், பத்தாவது உயிர்ப்பு. 1 முதல் 10 வரை கோப்புகளுக்கு எண் போட்டுப் பென் டிரைவில் ஏற்றினேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அருளப்பன் சித்தப்பா கோயில் ஒலிபெருக்கியில் போடுவார். ஊர் வீட்டிலிருந்தே கேட்கும். அதில் உயிர்த்தாலும் நேர்ச்சை நிறைவேறியதாகும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. அவருக்கு ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தேன்: ஒருமுறைதான் பட்டனை அழுத்த வேண்டும். மைக் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது.

ஞாயிறு மாலை நான்கு மணி. அண்ணன் வாசலில் கண்ணாடியை மாட்டி, முகம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். முதல் காட்சியில் ஓசன்னா பாடினார்கள். அடுத்து அண்ணனின் குரல்: "நான் உயிர்த்துவிட்டேன்."

அண்ணன் கத்தியை எடுத்தான். அம்மா கையைப் பிடித்தாள்.

"இருடா. இன்னும் ஒன்ன சேவகருங்க புடிக்கவே இல்ல."

எனக்கு விளங்கிவிட்டது. கோயிலில் பென் டிரைவ் செருகும் அந்தப் பழைய கருவி முதல் இலக்கத்தைத்தான் பார்க்கும். ஒன்றுக்குப் பின்னால் பத்து. பிறகுதான் இரண்டு. சித்தப்பாவுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. (பட்டியலில் இரண்டாவது விதி.) கோயிலுக்கு ஓடினேன். தெருமுனையில் போலீஸ்காரர் மறித்தார்.

"எங்க ஓடுறம்மா?"

"ஆண்டவர் முன்னாடியே உயிர்த்துட்டாரு சார். நிறுத்தணும்."

"மாஸ்க் எங்க?"

திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் கடைசி விருந்து நடந்துகொண்டிருந்தது. ஆண்டவரை விசாரிக்கும் காட்சியின்போது அண்ணன் முகத்தில் நுரை காய்ந்து உதிர்ந்தது. என்ன நடக்கிறதென்று ஒருவரையொருவர் கேட்க ஊரே தெருவுக்கு வந்துவிட்டதால், கல்லறை மூடப்பட்ட கையோடு போலீஸ் ஒலிபெருக்கியை இறக்க வைத்தது. மறுபடி போட வழியில்லை.

"அதான் ஒருவாட்டி உயிர்த்தாரே சித்தப்பா, அது கணக்குல வராதா?" என்று மறுநாள் கெஞ்சினேன்.

"கடைசில கல்லு வச்சு மூடுனத நானே கேட்டுக்கினு இருந்தேன். மூடுனவரு எங்கம்மா எழுந்தாரு?" என்றார். ஊரும் அவர் பக்கம். அந்த வருஷம் பாஸ்கா நடக்கவில்லை என்றே முடிவானது.

அண்ணன் மணலூர்பேட்டைக்குப் போன் போட்டான். தன் அப்பாவிடமிருந்து போனை வாங்கிப் பெண்ணே பேசினாள்.

"எப்படியும் மாஸ்க் போட்டுக்கினுதான் உட்காரப் போறீங்க. உள்ள இன்னா இருந்தா எனக்கின்னா?"

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாஸ்க்கின் நான்கு பக்கமும் தாடி எட்டிப் பார்க்கும் அந்தப் போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. பிறகு நாடகம் மறுபடி நடந்த வருஷம், அண்ணன் முறைப்படி இறந்து, முறைப்படி உயிர்த்து, சவரம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் மகள் அந்த முகத்தைப் பார்த்து வீறிட்டு அண்ணியின் தோளில் ஏறிக்கொண்டாள். மூன்று நாள் அவனிடம் போகவில்லை.

எங்கள் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "இரு, இன்னும் புடிக்கவே இல்ல."

நான் இப்போது கோப்புகளுக்கு 01, 02 என்று எண் போடுகிறேன். அண்ணன் தாடியை மறுபடி வளர்த்துவிட்டான்.