அமெரிக்கப் புகையும் வள்ளியூர்க் காற்றும்

வெளிநாடு போய்வந்தவர்களை ஒரு வருடத்துக்கு வாயைத் திறக்க விடக்கூடாது. அப்படித் திறந்துகொண்டு திரிந்தவள் என்ற தகுதியில்தான் இதைச் சொல்கிறேன்.

வள்ளியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. ஒரு மார்கழியில் விடுப்பு எடுத்து அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் அங்கே பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். அடேயப்பா! சின்ன ஊர்ப் பள்ளிதான், ஆனால் நம் ஊர்க் கல்யாண மண்டபம் நாலைச் சேர்த்தாற்போல உள்ளரங்கம், பளபளக்கும் மரத்தரை. அக்கா குடியேறியபோது ஒரே அணி இருந்ததாம், இப்போது மூன்று. பிள்ளைகள் விடியுமுன்னே வந்து, ஒரே இடத்தில் நின்று நூற்றுக்கணக்கில் பந்து போட்டுப் பழகுகிறார்கள். அடிபட்டால் கட்டுப்போட ஒருவர், எதிரணியின் ஆட்டத்தைப் படம்பிடித்துப் பாடம் நடத்த ஒருவர். இத்தனையும் பார்த்துவிட்டு நான் கற்றுக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று: ஆட்டத்துக்கு முன்னால் அணி புகைக்குள்ளிருந்து ஓடி வரும். (புத்தி எங்கே போகும்?)

ஊர் திரும்பியபின் வந்த ஆடி மாதம் எங்கள் மைதானத்திலேயே ஏரல் பள்ளி அணியோடு கூடைப்பந்துப் போட்டி. எங்கள் அணித் தலைவி இசக்கி, பிளஸ் ஒன் மாணவி, பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகள். இதில் ஜெயித்தால் அடுத்த வருடமும் ஆடலாம், தோற்றால் மறுநாளே டியூஷன் என்று அண்ணாச்சி முடிவாகச் சொல்லிவிட்டார். ஜெயித்துவிடுவோமா என்று அவள் தினமும் கேட்பாள். அமெரிக்க முறை இருக்கக் கவலை எதற்கு என்பேன்.

புகை மிஷினுக்கு எங்கே போக? இரண்டு இரும்பு வாளியில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு, மேலே ஒரு கிலோ சாம்பிராணி. வாங்கியது அண்ணாச்சி கடையில்தான். கோயிலுக்கா என்று கேட்டவரிடம் ரகசியம் காத்தேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உலகம் சுற்றிய எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வாளிகளுக்குப் பின்னால் நிற்க, சாம்பிராணியைக் கொட்டினேன். காற்று மொத்தப் புகையையும் அள்ளி அவர்கள் முகத்திலேயே அப்பியது. ஓடி வரவேண்டிய அணி இருமிக்கொண்டே தடவித் தடவி வந்தது. ஏற்கெனவே தாமதம் என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். (அவர் எதிர்முனையில் நல்ல காற்றில் நின்றிருந்தார்.) எங்கள் டைம் அவுட் எல்லாம் கண் கழுவவே செலவாயின. கண் தெளிந்தபோது ஏரல் பன்னிரண்டு புள்ளி முன்னால். அதற்குப் பிறகு இசக்கி பேயாட்டம் ஆடினாள். ஒற்றைப் புள்ளியில் தோற்றோம்.

அவள் அழுதாள். வேலியோரம் நின்றிருந்த அண்ணாச்சி நேரே என்னிடம் வந்தார். தப்பு என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்றேன்.

"என் மக எங்க தோத்தா? எங்க கடைச் சாம்பிராணில்லா ஜெயிச்சிருக்கு. கலப்படமில்லாத சரக்கு டீச்சர், அதான் இம்புட்டுப் புகை. அவ அடுத்த வருசமும் ஆடட்டும். ஆனா மேட்ச் அன்னைக்கு நீங்க மட்டும் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிடணும்."

அந்த ஒரு வருடமும் பிள்ளைகளைத் தினமும் நூறு தடவை பந்து போட வைத்தேன். இசக்கி கோப்பை வாங்கியதை மைதானக் கேட்டின் கம்பி வழியாகத்தான் பார்த்தேன். (கையில் தீப்பெட்டி இல்லை என்று காட்டிய பிறகே வாட்ச்மேன் அங்கே நிற்க விட்டார்.)

இப்போதும் வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டால், என் வீட்டுக்காரர் சன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்பார்: "ஏட்டி, ஏரல் டீமு வந்தாச்சா?"