சந்தேகக் கரடி கார் உயர்த்திய கதை

ஒரு காட்டில், தார் ரோடும் வேகத்தடையும் வந்து சேர்ந்த பிறகு, சடையப்பன் என்றொரு கரடி வாடகைக் கார் ஓட்டி வந்தது. நல்ல கரடிதான். ஆனால் சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம்! தேன்கூட்டைக் கண்டால்கூட, 'இதுல தேனீக்கு என்ன லாபம்?' என்று யோசித்துவிட்டுத்தான் நக்கும்.

அதன் காருக்கு வயதாகி, அடிவயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிங்கமோ தன் குகை வாசலில் ஒரு வேகத்தடை கட்டி வைத்திருந்தது. தீனி மெதுவாகப் போனால்தானே பிடிக்கத் தோது! கரடியின் கார் அதில் ஏறும்போதெல்லாம் 'கர்ர்ரக்' என்று அடி உரசும், சிங்கத்தின் தூக்கம் போகும். முந்தாநாள் சிங்கம் வெளியே வந்து சொல்லிவிட்டது.

"சடையப்பா, இன்னொரு தடவை உரசிச்சுன்னா, காரை விட்டுருவேன். உன்னைத் தின்னுருவேன்."

வேறு ரோடும் கிடையாது. அன்று சாயங்காலம் முயல் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் ஓட்டி வருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. விடிந்ததும் விடியாததுமாக மெக்கானிக் மாசிலாமணியின் பட்டறையில் போய் நின்றது. மாசிலாமணி ஒரு குரங்கு.

குரங்கு காருக்கடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தது. "அண்ணே, இது டார்ஷன் பார் வண்டி. சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் கம்பி, பிழியற துணி மாதிரி முறுக்கிக்கிட்டு வண்டியைத் தாங்குது. கம்பி முனையில இருக்கற போல்ட்டை இறுக்கினா வண்டி உயரும், தளர்த்தினா தாழும். அவ்வளவுதான். நீங்க இறங்கி நில்லுங்க, சட்டுனு முடிச்சிடறேன்."

"நான் எதுக்கு இறங்கணும்?"

"நீங்க உட்கார்ந்தா அந்தப் பக்கம் சாயும்ண்ணே. அளவு தப்பாயிரும்."

'ஓஹோ, கதை அப்படிப் போகுதா!' என்று நினைத்தது கரடி. போன வருஷம் இதே பட்டறைக்கு வந்தபோதுதான் ஸ்டெப்னி காணாமல் போயிருந்தது. அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது வேறு விஷயம். "நான் இங்கேயேதான் இருப்பேன். நீ உன் வேலையைப் பாரு" என்றது.

குரங்கு வலப்பக்கம் இறுக்கப் போனது. என்னத்தைக் கழற்றுகிறானோ என்று கரடி வலப்பக்க ஜன்னலுக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தது. குரங்கு வாலால் அளந்தது. வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. இன்னும் இறுக்கியது. சரி என்று இடப்பக்கம் போனால், கரடியும் பின்னாலேயே இடப்பக்கம் நகர்ந்தது. இப்போது இடப்பக்கம் தாழ்ந்திருந்தது! அங்கே இறுக்கிவிட்டு இங்கே வந்தால் இங்கே தாழ்வு, இங்கே இறுக்கிவிட்டு அங்கே போனால் அங்கே தாழ்வு.

"அண்ணே, கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போமா?"

"தளர்த்துவியா? நான் உயர்த்த வந்தவன்டா! அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

மத்தியானம் குரங்கு காருக்கடியில் நின்றுகொண்டே வேலை பார்த்தது. சாயங்காலம் ஏணி வைத்து ஏறி இறுக்கியது. கார் நாரை மாதிரி நின்றது. கரடி கீழே பார்த்தது, தலை கிறுகிறுத்தது. அப்போதும் இறங்கவில்லை!

காரைக் காணோமென்று முயல்கள் பட்டுப்புடவையும் மேளமுமாகப் பட்டறைக்கே வந்து சேர்ந்தன. "மாமா, இது காரா, பரணா?" என்று கேட்டன. முயல்களாக இருந்ததால் குதித்து ஏறிவிட்டன.

கார் புறப்பட்டது. குகை வளைவில் திரும்பியதும் கரடிக்கு உயிரே போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் சிங்கம் நடு ரோட்டில் வந்து, வேகத்தடையில் தலை வைத்துப் படுத்திருந்தது! பிரேக்கை மிதிக்கப் பார்த்தது கரடி. முயல்கள் நெருக்கியடித்திருந்ததில் பிரேக் காலுக்கு எட்டவில்லை, ஏதோ ஒரு முயல்தான் மிதிபட்டது. மேளம் நின்றது. கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சத்தமே இல்லை. சக்கரங்கள் சிங்கத்துக்கு இரண்டு பக்கமும் போக, கார் அதன் மேலாகக் காற்று மாதிரி கடந்து போய்விட்டது. கண் விழித்த சிங்கம் தன் தலைக்கு மேல் ஒரு கார் போவதைப் பார்த்தது.

"நிறுத்துடா சடையப்பா!"

நின்றது. முயல்களெல்லாம் சீட்டுக்கடியில்.

"என் மேலயே வண்டியை ஓட்டியிருக்கே" என்றது சிங்கம், பிடரியைத் தடவிக்கொண்டு. "ஒரு முடிகூடக் கலையலையே! இவ்வளவு மரியாதையா என்னை யாருமே தாண்டினதில்லை. என் காரும் இதே மாதிரி ஆகணும். நாளைக்கே!"

மறுநாள் குரங்கு சிங்கத்தின் காரை எடுத்தது. இரண்டு பக்கமும் இறுக்கியது, அளந்தது. இம்மி பிசகாமல் சமம். வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது, அந்த நாரை உயரம்தான் வரவில்லை! சமமான பிறகும் இறுக்க அதற்குக் கை வரவில்லை. வெளியே சிங்கம் உறுமிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் வரிசையில் புலி, நரி, காட்டெருமை. எல்லாருக்கும் அதே உயரம்தான் வேண்டுமாம்.

குரங்கு பின்வாசல் வழியாக ஓடி, கரடியின் காலில் விழுந்தது. "அண்ணே, நீங்கதான் என் தெய்வம். நம்ம பட்டறையில உங்களுக்கு நிரந்தர வேலை!"

கரடி ஓரடி பின்வாங்கியது. "எனக்கு எதுக்கு வேலை தர்ற? என்னடா திட்டம்?"

"இதான்ண்ணே! இதேதான்! வந்து வண்டியில ஏறுங்க!"

நீதி: சந்தேகப் பிராணிக்கு நிம்மதி கிடைக்காது. ஆனால் வேலை கிடைக்கும்.