இமயமலையிலிருந்து வந்த வாத்துகள்

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணமான பன்னிரண்டாம் நாளே இது என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு குழுவில் ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதியமான்கோட்டைப் பக்கத்து ஏரிக்குக் கவிதாவையும் அழைத்துப் போனேன். (புது மாப்பிள்ளைக்குப் பெருமை காட்டும் ஆசை இருக்காதா?) ட்ரோன் மேலே போனதும் செல்போன் திரையில் வெளிறிய நிறத்தில் ஒரு பெரிய கூட்டம் தெரிந்தது.

"பட்டைத்தலை வாத்து. இமயமலையத் தாண்டி வந்திருக்குது," என்றேன்.

கவிதா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏங்க, வயல்ல மேய்க்கிற வாத்தாட்டம் இருக்குதுங்க. ஒண்ணுகூடப் பறக்கலியே."

"அவ்ளோ தூரம் வந்த களைப்பு," என்றேன். (இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?) அதோடு விடாமல் குழுவின் வாட்ஸ்அப்பிலும் செய்தியைப் போட்டுவிட்டு, தெளிவான படத்துக்காக ட்ரோனைத் தாழ இறக்கினேன்.

பருந்து என்று நினைத்து வாத்துகள் சிதறின. பாதி தண்ணீரில், பாதி கோரைக்குள். நீண்ட மூங்கில் கழியோடு ஒருவர் கரையில் ஓடிவந்தார். வாத்துகளுக்குச் சொந்தக்காரரான மாது அண்ணன்.

"அத எறக்கிடுங்க சார். முட்ட வெக்கிற வாத்துங்க. பயந்துட்டா முட்ட நின்னுருமுங்க. எங்க வூட்டுக்கு அதுதாங்க சோறு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

மாலைவரை மூவரும் வாத்து தேடினோம். கவிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணன் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டபடி முன்னால் போனாள். நான் மாமனார் எடுத்துக் கொடுத்த சட்டையோடு இடுப்பளவுச் சேற்றில். வலைப் பட்டியின் குறுகலான வாசலில் அண்ணன் ஜோடி ஜோடியாக எண்ணி உள்ளே விட்டார். ஒரு ஜோடி குறைந்தது. மறுபடி கோரைக்குள் இறங்கி, அந்த இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். (சட்டையை அவை என்ன செய்தன என்று கேட்காதீர்கள்.)

மறுநாள் விடிந்ததும் பயந்துகொண்டே பட்டிக்குப் போனோம். வைக்கோலில் முட்டைகள் கிடந்தன. வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான் என்றார் அண்ணன். இரண்டை எடுத்துக் கவிதாவின் கையில் வைத்தார்.

"பயம் தெளிஞ்சுருச்சுங்க. நீங்களும் தெளிஞ்சுக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துக் கவிதா சிரித்தாள். கல்யாணமாகி அவள் மனம்விட்டுச் சிரித்தது அன்றுதான். குழுவுக்கு உண்மையை எழுதும்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்றும் சொந்தத்தில் விசேஷம் என்றால், பந்திக்கு ஆள் எண்ண என்னை விடுவதில்லை.

"அவரு வேண்டாங்க," என்பாள் கவிதா. "உள்ளூரு சனத்தையெல்லாம் இமயமலைல இருந்து வந்தவங்கன்னு எழுதிடுவாரு."