பச்சை கேட்ட தெரு

"நம்ம வீடு செவப்பா இருக்குடி!"

தண்டபாணி அலறிய அலறலில் கல்லில் கிடந்த தோசை கருகியது. பர்மாவின் தின்கன்ஜூன் ஓடைக்கரையில் ஒரு தோசைக்கடை; அவருக்கு வீடும் அதுவே, கடையும் அதுவே. கரையோர நிலத்துக்குப் புதிய விதிகள் வரவிருந்தன. அதற்கான வரைபடத்தை யாரோ பாதி மட்டும் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள். தெரு முழுவதும் சிவப்பு. பிள்ளையார் கோயில் தோட்டம் மட்டும் பச்சை.

"செவப்புன்னா இடிப்பாங்களா?" என்றாள் மனைவி அம்சா.

"பின்னே, மாலையா போடுவான்? புள்ளையாருக்குப் பச்சை, நமக்குச் செவப்பு! ஒரு நாளாவது தோசை சுட்டிருப்பாரா அவரு?"

ஆட்சேபம் தெரிவிக்க மூன்று நாளே இருந்தது. வட்டார அலுவலகத்துக்கு ஓடினார்.

"சயா, என் வீட்டை மட்டும் பச்சையாக்கிடுங்க," என்று பர்மிய மொழியில் 'ஐயா' போட்டுக் கேட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வீட்டுக்குத் தனி நிறம் கிடையாது, ஊ தண்டபாணி," என்று அவரும் பெயருக்கு முன் பர்மிய மரியாதை சேர்த்தார். " தெருவே சேர்ந்து கேட்டால் பார்க்கலாம்."

அன்று மாலையே அரிசி அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றார் தண்டபாணி. தெரு திரண்டது.

"தோழர்களே! துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் பேரனுக்குச் சிவப்பு! தண்டவாளம் பதித்தவன் பேத்திக்குச் சிவப்பு! தொந்தி வளர்த்த தெய்வத்துக்கு மட்டும் பச்சையா?"

"சாமியை இழுக்காதீங்க அண்ணே!" என்றாள் எதிர்வீட்டு சுனிதா.

"சாமியை யாரும்மா இழுத்தா? சாமி பக்கம் நம்மளத்தான் இழுக்கறேன்!"

கைதட்டலில் அண்டா அதிர்ந்தது. கையெழுத்துகள் குவிந்தன. பக்கத்து வீட்டுப் பழனியப்பன் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"முழுப் படத்தையும் பாக்காம போடமாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து ஒமக்குத் தோசை கெடையாது."

பழனியப்பன் ஒண்டிக்கட்டை, வெந்நீர் வைக்கவும் தெரியாதவர். கொள்கை அரை நிமிடம் போராடியது. பசி வென்றது. போட்டார்.

மனுவைப் படித்த அதிகாரி திகைத்துப்போனார்.

"முழுத் தெருவுமா? கடை, கொல்லை, கிணறு எல்லாமா?"

"ஓரங்குலம் விடக்கூடாது!"

"முத்திரை விழுந்துவிட்டால் மாற்ற முடியாது."

"மாத்திப் பாருங்க, மறியல்தான்!"

முத்திரை விழுந்தது. அதிகாரி எழுந்து நின்று இரு கைகளாலும் அவர் கையைக் குலுக்கினார். தன் நாவன்மைக்கு அரசாங்கமே எழுந்து நிற்கிறதென்று தண்டபாணி நெஞ்சை நிமிர்த்தினார்.

மறுநாள் தெருவே மாலையும் மேளமுமாக அவரைச் சுமந்தது. "பச்சை வாங்கித் தந்த பகலவன் வாழ்க!" என்று யாரோ முழங்க, பழனியப்பனே இரண்டு முறை வாழ்த்தினார். தோளிலிருந்து இறங்கி, மாலையோடு கடைக்குள் நுழைந்தார் தலைவர். அங்கே அளவுநாடாவோடு ஒரு பெண் குனிந்திருந்தாள். அலுவலகத்தின் வரைபடப் பிரிவிலிருந்து வந்திருந்த ருமானா.

"வாம்மா! மொதல்ல தோசை சாப்பிடு. அப்புறம் அள. ஆமா, எதுக்கு அடுப்பச் சுத்தி அளக்கறே?"

ருமானா சுண்ணாம்புக்கட்டியால் அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"செவப்புதான் குடியிருக்கிற எடம், பச்சைன்னா பூங்கா அண்ணே, இந்த அடுப்பை எடுத்துட்டுத்தான் சறுக்குமரம் வைக்கணும்."